நிமிஷத்தின் எஜமானர்

பெரிய மோட்டார்க் கார் ஆலையில் வேலை பார்ப்பதென்றால் உலைச் சூட்டிலும் சம்மட்டி ஓசையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் நின்று உடம்பை வருத்திக்கொள்வது என்றே வெளியிலிருக்கும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இக்காலத்து ஆலை ஒன்றை உள்ளே போய்ப் பார்க்கிறவருக்கு அந்த நினைப்பு அரை மணி நேரங்கூட நிலைப்பதில்லை. தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் ஓசை உண்டு. தகடுகளைப் பற்றவைத்துக் கூடாக்கும் பாடி ஷாப்பில் தீப்பொறி உண்டு, ஆனால் அங்கே மனிதர்களைவிட ரோபோக்களே அதிகம். பெயின்ட் ஷாப்புக்குள் போகிறவர்கள், ஒரு தலைமயிர் விழுந்தாலும் பூச்சு கெட்டுவிடும் என்பதற்காக, உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடும் உடுப்பு அணிந்து, காற்றால் தூசி ஊதப்பட்ட பிறகே அனுமதிக்கப்படுகிறார்கள். மனிதனுடைய கை இன்றைக்கும் இன்றியமையாததாக இருப்பது கடைசிப் பகுதியாகிய அசெம்ப்ளி ஷாப்பில்தான். அதுவோ, ஆஸ்பத்திரி என்று சொல்லும்படியான வெளிச்சமும் சுத்தமும் உள்ள இடம். பின், அங்கே வேலை பார்த்து வருகிறவர்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்து அக்கணமே உறங்கிப்போகிறார்களே, அது எதனால்?

அசெம்ப்ளி லைனில் ஓரிடத்தில் நிற்கும் தொழிலாளி ஒருவரைக் கவனிப்போம். பெயின்ட் முடிந்த வண்டி, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, அவருடைய எல்லைக்குள் நகர்ந்து வருகிறது. இடுப்புப் பையிலிருந்து போல்ட்டுகளை இடக்கையால் எடுக்கிறார். எண்ணிப் பார்ப்பதில்லை, விரல்களுக்கே நான்கு என்ற கணக்குப் படிந்துவிட்டது. குனிந்து, கதவுத் திறப்பின் வழியே உடம்பின் மேற்பாதியை உள்ளே நுழைத்து, முதல் போல்ட்டைக் கையாலேயே இரண்டு சுற்று ஏற்றுகிறார். நேரே கருவியைக் கொடுத்தால் மரை கோணிக்கொண்டு, பிறகு அந்த வண்டியையே ஒதுக்கி வைத்துச் சரிசெய்ய வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு தலைக்குமேல் தொங்கும் நட் ரன்னரை இழுத்து அழுத்துகிறார். குறித்த முறுக்கு ஏறியதும் கருவி தானே நின்று பச்சை விளக்கைக் காட்டுகிறது. இப்படி நான்கு முறை. வெளியே வந்து நிமிர்ந்து இரண்டடி பின்னால் நடப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுகிறது. மணிக்கு 60 வண்டி வெளிவரும் ஆலையில் ஒருவருக்கு ஒரு வண்டிமேல் உள்ள பாத்தியதை 60 விநாடி. சாப்பாடும் தேநீரும் போக ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அதே குனிவும் அதே நிமிர்வும் ஒரு ஷிப்டில் 450 தடவை. இடையில் மூத்திரம் வந்தால்கூட நினைத்தபடி போய்விட முடியாது. ஆளை மாற்றிவிடுகிறவர் வந்து அவரிடத்தில் நிற்கிற வரையில் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, போல்ட்டின் பாரமோ கருவியின் பாரமோ ஒரு பொருட்டன்று. அவர் சுமப்பது நிமிஷத்தின் பாரம். சம்பளம், போனஸ், கேன்டீன், வைத்திய வசதி என்று கார் ஆலை வேலையைப்பற்றி நாம் விசாரிக்கும் விஷயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில், அந்த 60 விநாடியை நிர்ணயிப்பவர் யார், வேண்டியபோது அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி கிடக்கிறது. இத்தொழிலின் சரித்திரத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சரித்திரம் அமெரிக்காவில் டெட்ராயிட் நகரை ஒட்டிய ஹைலண்டு பார்க் என்ற ஊரில், ஹென்றி ஃபோர்டின் ஆலையில் தொடங்குகிறது. 1908-இல் வெளிவந்த மாடல் டி என்ற வண்டிக்கு ஜனங்கள் கொடுத்த வரவேற்பு, பழைய முறையில் எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாலும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. அதுவரை வண்டியின் அடிச்சட்டம் ஓரிடத்தில் நிற்கும், ஆட்கள் அதைச் சுற்றி நடப்பார்கள். ஒரு சட்டத்தைப் பூட்டி முடிக்க ஏறத்தாழ 12½ மணி நேர உழைப்புப் பிடித்தது. 1913 ஏப்ரலில், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ என்ற சிறு உறுப்பில் முதல் பரீட்சை நடந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து முழுதும் செய்தால் 20 நிமிஷம் ஆகிற அந்த வேலையை 29 கூறுகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, பொருளை ஒருவர் முன்னிருந்து அடுத்தவர் முன்னே நகர்த்தியபோது 13 நிமிஷம் 10 விநாடியில் முடிந்தது. மறு வருஷம் அந்த வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினார்கள்; 7 நிமிஷமாயிற்று. பிறகு நகரும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து 5 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். மனிதன் குனிகிற எட்டு அங்குலத்துக்குள் ஆறு நிமிஷம் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த புத்திக் கூர்மையை வியக்காமலிருக்க முடியவில்லை. அந்த ஆறு நிமிஷம் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அடிச்சட்டத்தையும் இவ்வாறே 250 அடி நீளத்துக்குக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில், மேலே ஓடும் தடத்தில் தொங்கவிட்ட மாடு ஒவ்வொரு கசாப்புக்காரராகக் கடந்து கூறு கூறாகக் குறைந்துகொண்டே போகும் முறைதான் இந்த யோசனைக்குத் தூண்டுகோல் என்று ஃபோர்டே எழுதியிருக்கிறார். இங்கே வண்டி கூறு கூறாக வளர்ந்துகொண்டே போயிற்று. நெட்டையர்களுக்கு ஓர் உயரம், குட்டையர்களுக்கு ஓர் உயரம் என்று இரண்டு லைன்கள்கூட அமைத்தார்கள். 12½ மணி நேர உழைப்பு 1 மணி 33 நிமிஷமாகச் சுருங்கிற்று. 850 டாலராக இருந்த வண்டி விலை பிற்காலத்தில் 300-க்கும் கீழே இறங்கியது இதன் பயன். அதற்கு முன் கார் என்பது சீமான்களின் சொத்து. அதன் பின், அதைச் செய்கிறவனே அதை வாங்கலாம் என்ற நிலை வந்தது. இந்த நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் ஆலைக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயால் சொல்லவில்லை, கால்களால் சொன்னார்கள். 1913-ஆம் வருஷத்தில், சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை நடத்துவதற்கு 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதாவது, ஒவ்வோர் இடத்துக்கும் வருஷத்தில் மூன்று நான்கு பேர் வந்து, நின்று பார்த்து, வேண்டாமென்று போய்விட்டார்கள். போனவர்களில் முன்பு தச்சும் கொல்லும் தெரிந்த கைதேர்ந்த தொழிலாளிகள் பலர். ஒரு வண்டியைப் பார்த்தவுடன் அதில் எது கோளாறு என்று சொல்லக்கூடிய மனிதனை, நாள் முழுதும் ஒரே நட்டை முடுக்கிக்கொண்டிரு என்று நிறுத்தினால் அவன் எத்தனை நாள் நிற்பான்?

அவர்களை நிற்க வைக்கத்தான் 1914 ஜனவரி 5-ஆம் தேதி, உலகம் முழுவதும் பேசப்பட்ட அந்த அறிவிப்பு வந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர் என்றிருந்த கூலி, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று உயர்த்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் ஹைலண்டு பார்க் ஆலையின் வாசலில் ஆயிரமாயிரமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள். தள்ளுமுள்ளு கட்டுக்கடங்காமற் போனபோது, உறையும் குளிரில் நின்றிருந்த அவர்கள்மேல் குழாய்த் தண்ணீரைப் பீச்சியடித்துக் கலைத்தார்கள். நனைந்த உடைகள் உடம்பிலேயே உறைந்துபோக வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

கிடைத்தவர்களுக்கும் ஐந்து டாலர் சும்மா வந்துவிடவில்லை. அதில் ஏறக்குறையப் பாதிதான் கூலி. மற்றது லாபப் பங்கு. அந்தப் பங்கு, யோக்கியமான வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு மட்டுமே உரியது. யோக்கியதையை நிச்சயிப்பதற்கென்று கம்பெனி ஒரு தனி இலாகாவையே ஏற்படுத்திற்று. அதன் பரிசோதகர்கள் மொழிபெயர்ப்பாளரைக் காரில் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், விவாகமானவரா, மனைவி உடனிருக்கிறாளா, குடிப்பதுண்டா, பாங்கியில் எவ்வளவு சேமிப்பு, வாடகைக்கு வேற்றாளை வீட்டுக்குள் வைத்திருக்கிறாரா, படுக்கையறை சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். தேறாதவர்களுக்கு லாபப் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் திருந்தாவிட்டால் வேலையே போயிற்று. பெண்களுக்கு இந்தத் திட்டத்தில் முதலில் இடமே இல்லை.

போலந்து, இத்தாலி, ருஷியா, சிரியா முதலிய பல தேசங்களிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளருக்காகக் கம்பெனி ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் நடத்திற்று. அதன் பட்டமளிப்பு விழா விசித்திரமானது. மேடையின் நடுவே ஒரு பிரம்மாண்டமான கொப்பரை. மாணவர்கள் தத்தம் தேசத்து உடையில், கையில் துணி மூட்டையோடு, ஒரு பக்கத்திலிருந்து ஏறி வந்து அந்தக் கொப்பரைக்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட துடுப்புகளால் அதைக் கிளறுவார்கள். சற்று நேரத்தில் மறுபக்கத்திலிருந்து எல்லாரும் ஒரே மாதிரியான அமெரிக்கக் கோட்டும் கையில் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள். கேலிக்காக யாரோ கற்பனை செய்தது போலத் தோன்றினாலும், பார்த்தவர்கள் இதை மிகவும் பயபக்தியோடுதான் பார்த்தார்கள்.

இந்த ஏற்பாடுகள் 1920-ஐ ஒட்டித் தளர்ந்தன. புத்திமதி போய்க் கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது. பின்னர் எழுந்த ரூஜ் ஆற்றங்கரை ஆலையில், வேலை நேரத்தில் பேசுவதே குற்றமாக இருந்ததால், உதடு அசையாமல் பேசும் வித்தையைத் தொழிலாளர் பழகிக்கொண்டார்கள். 1932 மார்ச்சில் வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள்மேல் அந்த ஆலையின் வாசலில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து நால்வர் அங்கேயே மாண்டார்கள். 1937-இல் துண்டறிக்கை கொடுக்க வந்த தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதர் ஆலையை ஒட்டிய மேம்பாலத்தில் கம்பெனியின் அடியாட்களால் ரத்தம் சொட்ட அடிக்கப்பட்டார். 1941-இல்தான் ஃபோர்டு கம்பெனி தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பிறகு கூலியைப்பற்றியும் ஓய்வூதியத்தைப்பற்றியும் வாதாடிப் பெற முடிந்தது. லைனின் வேகம் மட்டும் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. 1972-இல் ஒஹையோ மாகாணத்தில் லார்ட்ஸ்டவுன் என்னுமிடத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், மணிக்கு 100 வண்டி, அதாவது ஆளுக்கு 36 விநாடி என்று வேகம் நிர்ணயிக்கப்பட்டிருந்த நிலையில், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இனி, ஜப்பானுக்குப் போவோம். டொயோட்டா கார்க் கம்பெனியைத் தொடங்கிய டொயோடா குடும்பத்தின் மூலத்தொழில் நெசவு. சகிச்சி டொயோடா என்பவர் செய்த தறியின் விசேஷம், பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும் என்பது. நெசவை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்; இழை அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் தறி கஜக்கணக்கில் பழுதான துணியை நெய்து குவிக்கும். 1929-இல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். மகன் கீச்சிரோ கார்த் தொழிலில் இறங்கியபோது, பழுது நேர்ந்த மாத்திரத்தில் நிறுத்திவிட வேண்டும் என்ற தறியின் தத்துவமும் கூடவே போயிற்று. நெசவாலையிலிருந்து 1943-இல் மோட்டார்க் கம்பெனிக்கு மாறி வந்த டைச்சி ஓனோ என்ற எஞ்சினீயர் அதைக் கார் லைனுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய ஏற்பாட்டின்படி, தொழிலாளிகளின் தலைக்குமேல் லைன் நெடுகிலும் ஒரு கயிறு ஓடுகிறது. மரை கோணினாலோ, உறுப்பு பொருந்தாவிட்டாலோ, வேலை பின்தங்கினாலோ, தொழிலாளி கையை நீட்டி அந்தக் கயிற்றை இழுக்கலாம், இழுக்க வேண்டும். விளக்குப் பலகையில் அவருடைய இடத்தின் எண் மஞ்சளாக எரிந்து, ஒரு மெட்டு ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தின் எல்லைக்கோட்டை எட்டுவதற்குள் கோளாறு தீர்ந்தால் மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். தீராவிட்டால் லைன் நிற்கும். கீழ்ப்படியில் நிற்கிற ஆளுக்கு ஆலையை நிறுத்தும் அதிகாரம்! ஹைலண்டு பார்க்கில் இதை யாராவது சொல்லியிருந்தால் அவனுடைய சித்தம் ஸ்வாதீனத்தில் இல்லை என்றிருப்பார்கள்.

இந்தக் கயிறு மனிதரிடத்தில் என்ன செய்யும் என்பதற்கு, வேண்டுமென்றே செய்த பரீட்சை போல, கலிபோர்னியாவில் ஒரு சம்பவம் நடந்தது. ஃப்ரீமாண்ட் ஊரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, வேலைக்கு வராதவர்கள் தொகையாலும் ஓயாத சச்சரவாலும் பெயர் கெட்டு, 1982-இல் மூடப்பட்டது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சகஜம். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது, சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், அதே சங்கம். அவர்களில் நூற்றுக்கணக்கானவரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கி அழைத்துவந்தார்கள். இரண்டொரு வருஷத்தில் வராதவர் விகிதம் நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது; வண்டிகளின் தரம் ஜப்பானிய ஆலைக்கு நிகராக வந்தது.

இதிலே நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பால் ஆட்லர் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஆலையைக் கூர்ந்து பார்த்து எழுதினார்: பழைய நிர்வாகத்தில் ஒரு தொழிலாளி 60 விநாடியில் உண்மையாக வேலை செய்தது சுமார் 45 விநாடி, புதிய நிர்வாகத்தில் 57 விநாடி. வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. இருந்தும் அவர்கள் பழைய நாட்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. முன்பு ஸ்டாப்வாட்சோடு எஞ்சினீயர் வந்து நின்று அளப்பார். அவர் வந்ததும் தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார். இப்போது அந்தக் கடிகாரத்தைக் குழுவினர் தாமே கையில் பிடித்து, தங்கள் வேலையைத் தாங்களே அளந்து வகுத்தார்கள். நிமிஷம் கொஞ்சம் தங்களுடையதாயிற்று என்று தோன்றியதும், அந்த நிமிஷத்தை நிரப்ப மனிதர் தாமாகவே முன்வந்தார்கள். இதை நிர்வாகத்தின் பெருந்தன்மை என்று புகழ்கிறவர்களும் உண்டு, நயமான சுரண்டல் என்று இகழ்கிறவர்களும் உண்டு. இரண்டும் ஏககாலத்தில் உண்மையாக இருப்பதில் எனக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

ஏனென்றால், கயிற்றை இழுத்து லைனைப் பழுதுக்காக நிறுத்தலாமே ஒழிய, களைப்புக்காக நிறுத்த முடியாது. சத்தோஷி கமத்தா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் 1972-இல் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் டொயோட்டா ஆலையில் ஆறு மாதம் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, உற்பத்தி கூடக் கூட லைன் வேகம் ஏறுவதையும், விடுதிக்குத் திரும்பினால் தூங்குவதைத் தவிர வேறொன்றுக்கும் தெம்பில்லாமற் போவதையும் நாட்குறிப்பாக எழுதி வெளியிட்டார். ஓர் அசைவை மிச்சம் பிடித்துத் தொழிலாளி சொல்லும் யோசனை பாராட்டப்படும்; மிச்சமான விநாடிகளில் அவருக்கு வேறோர் அசைவு வந்து சேரும். லைனையே ஒழித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடனில் வோல்வோ கம்பெனி, உத்தெவாலா என்ற ஊரில், லைனே இல்லாமல், நிற்கிற வண்டியைச் சுற்றி ஒரு சிறு குழு அதை முழுதுமாகக் கட்டும்படி 1989-இல் ஓர் ஆலை அமைத்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். விற்பனை மந்தமானபோது, 1993-இல் அதை மூடிவிட்டார்கள்.

நம்முடைய பக்கத்தில், சென்னையை அடுத்து, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர் என்று நீளும் வட்டாரத்தில், ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் விடியற்காலை நாலரை மணிக்கே கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பதைப் பார்த்திராதவர் குறைவு. ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் ட்ரெய்னியும் காண்ட்ராக்ட் ஆளும் அடுத்தடுத்து நின்று ஒரே நிமிஷத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சம்பளம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று மாறுவதால், பகலில் உறங்கப் பழகும் நேரத்தில் இரவில் உறங்க வேண்டிய முறை வந்துவிடும். பெண் கொடுக்கிறவர்கள் கம்பெனி பெயரைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை எந்த ஷாப்பில் இருக்கிறார், குனிகிற வேலையா நிற்கிற வேலையா, இடத்தை மாற்றி மாற்றி விடுகிறார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் அவருடைய நாற்பதாவது வயதில் இடுப்பு எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஒருவாறு ஊகிக்கலாம்.

மறைமலைநகரில் இருந்ததும் அதே ஃபோர்டுதான். அங்கேயும் எந்த இடத்தில் நின்றவரும் பழுதைக் கண்டால் குரல் கொடுக்க முடிந்தது. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்திக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. மறு வருஷம் கோடையில், ஈட்டுத்தொகை போதாதென்று தொழிலாளர்கள் கருவிகளைத் தொடாமல் ஆலைக்குள் உட்கார்ந்து லைனைச் சிலகாலம் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஜூலையில் அது நின்றே போயிற்று. 2024-இல், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்தும் உத்தேசத்தைக் கம்பெனி தமிழக அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. மூடுவதும் திறப்பதுமாகிய அந்த இரண்டு தீர்மானங்களும் ஆனது, ரூஜ் ஆலை இருக்கும் டியர்பார்ன் நகரத்துத் தலைமைக் காரியாலயத்தில்.